முதல் கப்பல் ஏறும் மகளுக்கு, கடலோடி அப்பா என்ன சொல்லி அனுப்பணும்?

முத்துநகர் மாலுமி:
வணக்கம் உறவுகளே. மகள் பி.எஸ்சி. நாட்டிகல் சயன்ஸ் முடித்துவிட்டாள். இன்னும் 12 நாளில் சிங்கப்பூரில் ஒரு பல்க் கேரியரில் (நிலக்கரி மாதிரி மூட்டை கட்டாத சரக்கு ஏற்றும் கப்பல்) டெக் கேடட்டாக, அதாவது பயிற்சி ஆபீசராக, சைன் ஆன். நான் இன்ஜின் பக்கம். டெக் வேலை (கப்பலை ஓட்டுவது, சரக்கு, கயிறு) தூரத்தில் இருந்து பார்த்ததுதான். கிளம்புகிற அன்றைக்கு உட்காரவைத்து என்ன சொல்வது என்று யோசித்தால், "உடம்பைப் பார்த்துக்கோம்மா, பெரியவங்க சொல்றதைக் கேளு" என்பதற்கு மேல் வரவில்லை. அதைச் சொல்வதற்கு அவள் சித்தப்பாவே போதும், கடலோடி அப்பா எதற்கு? டெக்கில் இருப்பவர்கள், முக்கியமாகப் பெண் ஆபீசர்கள், கையால் செய்து பார்க்கிற மாதிரி விஷயங்களாகச் சொல்லுங்கள்.

நாலெட்டு வாட்ச்:
அண்ணாச்சி, அந்த "பெரியவங்க சொல்றதைக் கேளு"வை முதலில் எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு அது நல்ல பேச்சு. டெக்கில் அது ஆளைக் கொல்லும். "கீழ இறங்கி அந்த டார்ச்சை எடுத்துட்டு வா" என்று ஒரு பெரியவர் சொன்னால் மறு பேச்சில்லாமல் இறங்குவது யார்? புதிதாக வந்த கேடட்தான்.

பல்க் கேரியர் என்பதால் இதைத்தான் முதலாவதாகச் சொல்வேன். நிலக்கரி, மரத்தடி, மரச்சில்லு, இரும்புத் துருவல், இதெல்லாம் ஹோல்டுக்குள் (கப்பலின் சரக்கு அறைக்குள்) இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும் சரக்கு. ஹோல்டு மட்டும் இல்லை, ஹோல்டுக்கு இறங்குகிற ஏணி இருக்கும் மூடிய கூண்டும் அப்படித்தான். மேலே ஹேட்ச் (ஹோல்டின் மூடி) திறந்து வெயில் அடித்துக்கொண்டிருக்கும், பக்கத்துக் கூண்டில் காற்று செத்துக் கிடக்கும். நாற்றம் வராது, மூச்சு முட்டாது. ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் மயக்கம், 6க்குக் கீழே என்றால் சில மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். ஏணியில் நின்றபடி விழுந்தால் அடிமட்டம் வரை போவார்.

மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வரிசை இது. வாயு மீட்டரை முதலில் திறந்த வெளியில், காற்று வருகிற பக்கம் நின்று போடணும். ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்டணும். காட்டவில்லை என்றால் அந்த மீட்டரை நம்பாதே. பிறகு குழாயை இறக்கி மேலே, நடுவில், அடியில் என்று மூன்று உயரத்தில் பார்க்கணும். குழாய் நீளமாக இருந்தால் அடிக் காற்று மீட்டருக்கு வந்து சேர நேரம் எடுக்கும். குழாயை இறக்கிய உடனே நம்பரைப் படித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. ஆக்சிஜன் 21ஐ ஒட்டி இருக்கணும், எரிவாயு அதன் கீழ் எரிநிலையின் (தீப்பிடிக்கத் தேவையான குறைந்த அளவு) 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, நச்சு வாயு அனுமதி அளவில் பாதிக்குள் இருக்கணும். 19.5இல் மீட்டர் கத்தும் என்பதால் 19.6 இருந்தால் இறங்கலாம் என்று அர்த்தம் இல்லை. 20.9இல் இருக்க வேண்டியது 19.6க்கு இறங்கியிருக்கிறது என்றால் உள்ளே ஏதோ ஆக்சிஜனைத் தின்கிறது.

பர்மிட் தாள் (உள்ளே இறங்க அனுமதிச் சீட்டு), வாசலில் ஒரு ஆள், ஓடிக்கொண்டிருக்கிற காற்றாடி, இந்த மூன்றும் கண்ணில் படாமல் தலையை உள்ளே நீட்டவே கூடாது.

இன்னொன்றும் சொல்லுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடப்பது தெரிந்தால் இறங்காதே. கத்து, ரேடியோவில் சொல், அலாரம் அடி. மூடிய அறைச் சாவுகளில் காப்பாற்றப் போன இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள்தான் நிறைய. சுவரில் மாட்டியிருக்கிற அவசரக் காற்றுப் பை தப்பி ஓடுவதற்கு மட்டும், ஏறக்குறைய 10 நிமிடக் காற்று. அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போகக்கூடாது.

முத்துநகர் மாலுமி:
மிக்க நன்றி. ஆனால் முதல் வாரத்திலேயே ஒரு கேடட் சீஃப் ஆபீசரிடம் "பர்மிட் எங்கே?" என்று கேட்டால் முகம் சுளிக்க மாட்டாரா?

நாலெட்டு வாட்ச்:
கேட்கிற விதம் இருக்கிறது அண்ணாச்சி. "சார், மீட்டரை எடுத்துட்டு வந்துரட்டுமா? பர்மிட்ல யார் பேரு சார் போடணும்?" இப்படிக் கேட்டால் எதிர்த்துப் பேசியது ஆகாது, வேலையும் நின்றுவிடும். நல்ல ஆபீசருக்கு உடனே உறைக்கும். அதற்குப் பிறகும் "போ" என்று ஒருவர் சொன்னால், "சார், இது எனக்குப் பத்திரமாத் தெரியல, நான் இறங்கல" என்று சொல்லணும். பெரும்பாலான கம்பெனிகளின் பாதுகாப்புக் கையேட்டிலேயே வேலையை நிறுத்தும் உரிமை கடைசி ஆள் வரை எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். சேர்ந்த முதல் வாரத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவைக்கச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தை வீட்டிலேயே ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகவும் சொல்லுங்கள். பழகாத வாக்கியம் நெருக்கடியில் வாயில் வராது.

சுக்கான்:
அண்ணே, என் பங்குக்கு மூரிங், அதாவது கப்பலைக் கரையில கயிறால கட்டுற வேலை. கேடட்டை முன்பக்கமோ பின்பக்கமோ ஒரு ஸ்டேஷன்ல நிறுத்துவாங்க.

கயிறு இழுவிசையில இருக்கும்போது அது ரப்பர் மாதிரி. நைலான் நல்லா நீளும், அறுந்தா அத்தனை விசையோட திரும்பி வரும். மஞ்சள் பெயின்ட்ல கட்டம் போட்டு "இங்க நிக்காதே"ன்னு எழுதியிருக்கும். அந்தக் கட்டத்துக்கு வெளிய நின்னா பத்திரம்னு பிள்ளைங்க நினைச்சுக்கும். அது தப்பு. கயிறு ரோலர்ல திரும்புற கோணத்தைப் பொறுத்து அடி எங்க வேணும்னாலும் விழும். மூரிங் டெக் முழுசையும் ஆபத்தான இடமாத்தான் எடுத்துக்கணும். கயிறு எந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல இழுபடுதோ அந்த நேர்கோட்டுல நிக்கக்கூடாது, கயிறு வளையுற இடத்தோட உள்பக்கம் நிக்கக்கூடாது, தரையில கிடக்குற வளையத்துக்குள்ள கால் வைக்கவே கூடாது. ஸ்டேஷனுக்குப் போனதும் முதல் வேலை: கயிறு அறுந்தா எந்தப் பக்கம் ஓடுவேன்னு பாத்து வைக்கிறது.

டிரம்ல கயிறு சுத்தி இழுக்கும்போது டிரம்மை விட்டு ஒரு மீட்டராவது தள்ளி நின்னு பிடிக்கணும். வின்ச் (கயிறு இழுக்குற மெஷின்) ஓட்டுறதும் கயிறு பிடிக்கிறதும் ஒரே ஆள் செய்யக்கூடாது. கரைக்கு வீசுற எறிகயிறு முனையில நட்டு, போல்ட்டுன்னு இரும்பைக் கட்டுற பழக்கம் சில கப்பல்ல இருக்கு. கரையில நிக்கிறவன் தலையில விழுந்தா என்ன ஆகும்? அரைக் கிலோவுக்கு மிகாம மணல் போட்ட மெத்துனு ஒரு பைதான் கட்டணும்.

அப்புறம் நகை. மோதிரம், வளையல், செயின் எதுவும் டெக்குல ஆகாது. மோதிரம் கம்பியில மாட்டி விரல் தோலே உரிஞ்சு வரும். கோயில்ல கட்டின கயிறும் அதே கதைதான். நைலான் நூலா இருந்தா அறுபடாது, கையை இழுத்துட்டுப் போகும். அம்மா மனசு நோகாம, அதைக் கழட்டி கேபின்ல சாமி படத்துக்குப் பக்கத்துல வைக்கலாம். முடியைப் பின்னி, பின்னலை பாய்லர் சூட் (உடம்பு முழுக்க மூடுற வேலை உடுப்பு) காலருக்குள்ள விட்டு, மேல ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குள்ள கொண்டை போட்டா ஹெல்மெட் தலையில உக்காராது.

பச்சைவிளக்கு:
சுக்கான் அண்ணா சொன்னதோடு அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் கேடட்டுக்கு முதல் நாள் தொல்லை அங்கேதான் வரும். ஸ்டோரில் இருக்கும் ஷூ பெரும்பாலும் 42, 43. இவளுக்கு வேண்டியது 37ஆக இருக்கும். இரண்டு சாக்ஸ் போட்டுச் சமாளிக்கச் சொல்வார்கள். சமாளித்தால் ஈரமான ஏணியில் கால் நழுவும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதுகாப்பு உடைகள் ஆளுக்கேற்ற அளவில் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே இது சலுகை கேட்பதில்லை. சேருவதற்கு முன்பே கம்பெனிக்கு மெயில் போடச் சொல்லுங்கள்: ஷூ அளவு, பாய்லர் சூட் அளவு, கையுறை அளவு, உயரம், எடை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் மெயில் போட்டது கையில் இருக்கும்.

இமர்ஷன் சூட்டை (கடலில் குதிக்க நேர்ந்தால் குளிர் தாங்கும் உடை) முதல் நாளே பையிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்க்கணும். பிறர் உதவி இல்லாமல் 2 நிமிடத்துக்குள் போட முடியணும் என்பது விதி. பெரிய அளவு சூட்டை ஒல்லியான பிள்ளை போட்டால் முகத்தைச் சுற்றி இறுக்கம் இருக்காது, அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், சூட் போட்டும் குளிரில் விறைப்பாள். சின்ன அளவு கப்பலில் இல்லை என்றால் அடுத்த துறைமுகத்துக்குக் கேட்டு வாங்கும்படி மூன்றாவது ஆபீசரிடம் எழுத்தில் தரணும்.

மாதவிடாய் பற்றி அப்பா பேசத் தயங்கினால் அம்மாவிடம் இந்தப் பதிவைக் காட்டுங்கள். ஒப்பந்தம் 6 மாதம் என்பார்கள், மாற்று ஆள் வரத் தாமதமாகி 8 ஆகலாம். ஒரு சுழற்சிக்கு 18 பேட் என்றால் 8 மாதத்துக்கு 144. வேலையும் நேர மண்டலமும் மாறுவதில் சுழற்சி தப்பும் என்பதால் 160 எடுத்துக்கொள்ளட்டும். துறைமுகத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். பல்க் கேரியர் போகிற சில இடங்களில் ஜெட்டியிலிருந்து கடைத்தெருவுக்கு வண்டியே கிடைக்காது. மாதவிடாய்க் கப் பழக விரும்பினால் வீட்டிலேயே இரண்டு மூன்று மாதம் பழகிவிட்டு வரணும், முதல் முயற்சி கப்பலில் வேண்டாம். அதைக் கொதிக்கவைக்கக் கெட்டில் கொண்டுபோனால் எலக்ட்ரீஷியனிடம் காட்டி அனுமதி வாங்காமல் கேபினில் செருகக்கூடாது.

பேடை டாய்லெட்டில் போடவே கூடாது. கப்பலில் பெரும்பாலும் இருப்பது வேக்யூம் டாய்லெட். ஒன்று அடைத்தால் அந்த வரிசை முழுவதும் அடைக்கும், இன்ஜின் ஆட்கள் குழாயைக் கழற்றி எடுப்பார்கள். காகிதத்தில் சுற்றி, மூடி போட்ட தனிப் பையில் சேர்த்து, குப்பைப் பிரிவுப்படி கொடுக்கணும். கடலில் எறிவதற்கு இடமே இல்லை, அதில் பிளாஸ்டிக் இருக்கிறது.

சிறுநீரை அடக்காதே என்று அழுத்திச் சொல்லுங்கள். துறைமுகத்தில் கேங்வே வாட்ச் (கப்பலில் ஏறும் படிக்கட்டில் காவல்), ஹேட்ச் வேலை என்று 5, 6 மணி நேரம் போகும். பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். வளைகுடா வெயிலில் அது சிறுநீர்த் தொற்றிலோ வெயில் மயக்கத்திலோ போய் முடியும். "ரிலீவ் வேணும் சார், 10 நிமிஷம்" என்று ரேடியோவில் கேட்பது குற்றமில்லை.

சரக்குக் கப்பலில் டாக்டர் கிடையாது. பெரும்பாலும் இரண்டாவது ஆபீசர்தான் மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பு. அவரிடம் சொல்லச் சங்கடமான உடல் தொல்லை என்றால், ரேடியோ மருத்துவ ஆலோசனை உண்டு, மாஸ்டர் (கேப்டன்) வழியாகக் கேட்கலாம். ரோமில் 1935 முதல் இயங்கும் மையம் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாகச் சொல்கிறது.

முத்துநகர் மாலுமி:
நன்றிம்மா. இதெல்லாம் எனக்குத் தோன்றியிருக்கவே செய்யாது. இன்னொன்று, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. யாராவது தப்பாக நடந்துகொண்டால் அவள் என்ன செய்யணும்?

கொண்டல்:
முதலில் உடன் இருக்கும் ஆபீசரிடம் சொல்லி, பிறகு சீஃப் ஆபீசர், பிறகு கேப்டன் என்று வரிசைப்படி போகச் சொல்லுங்கள். வரிசையைத் தாண்டினால் கப்பலில் பேர் கெட்டுவிடும்.

பச்சைவிளக்கு:
கொண்டல் சார், இதில் நீங்கள் சொல்வது சரியில்லை. சம்பளக் கணக்கு, சாப்பாடு போன்ற புகாருக்கு அந்த வரிசை சரி. கீழ்மட்டத்திலேயே தீர்க்கப் பாருங்கள் என்றுதான் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் சொல்கிறது. ஆனால் எந்தப் புகாராக இருந்தாலும் நேரே மாஸ்டரிடம் போகவும், தேவைப்பட்டால் வெளியே உள்ள அதிகாரிகளிடம் போகவும் மாலுமிக்கு உரிமை உண்டு என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறது. துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்பதும் இருக்கிறது. தப்பு செய்கிறவர் அந்த வரிசையிலேயே இருந்தால் பிள்ளை என்ன செய்யும்?

அண்ணா, அவளிடம் இப்படிச் சொல்லுங்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் கரையில் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், டி.பி.ஏ. என்பார்கள். அவர் பெயர், போன் நம்பர், மெயில் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும். முதல் நாளே அதைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடணும். அந்தத் தாள் அப்பா கையிலும் இருக்கணும்.

முதல் தடவை யாராவது கையைத் தொட்டாலோ கூசும்படி பேசினாலோ, சிரித்து மழுப்பாமல், "டோன்ட் டூ தட்" என்று மற்றவர் காதில் விழும்படி ஒரே தடவை சொல்லணும். அன்றைக்கே ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எழுதணும். கப்பல் நேரமா உலக நேரமா என்றும் குறிக்கணும், பிறகு வாட்ச் பதிவோடு ஒப்பிடும்போது அது பெரிய வித்தியாசம். மெசேஜ் வந்திருந்தால் அழிக்காமல், படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பணும்.

கேபின் பூட்டு உள்ளிருந்து பூட்டுகிறதா, மாஸ்டர் சாவி (எல்லாக் கேபினையும் திறப்பது) யாரிடம் இருக்கிறது, அதை எடுத்தால் பதிவு உண்டா என்று முதல் நாள் கேட்டுவைக்கணும். பூட்டு பழுது என்றால் அன்றைக்கே எழுதிக் கொடுக்கணும். அமெரிக்காவில் ஒரு கேடட் மாணவி கப்பலில் தனக்கு நடந்ததை 2021இல் வெளியே சொன்ன பிறகு, 2022 டிசம்பரில் வந்த சட்டம் அந்நாட்டுக் கப்பல்களில் மாஸ்டர் சாவிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றே எழுதிவிட்டது. சாவியைப் பற்றிக் கேட்பது சந்தேகப் புத்தி ஆகாது.

2026 ஜனவரி 1 முதல் அடிப்படைப் பயிற்சியிலேயே பாலியல் சீண்டலைத் தடுப்பதும் அதற்கு எப்படி நடந்துகொள்வது என்பதும் பாடமாகச் சேர்ந்திருக்கிறது. ஆகவே "எனக்குத் தெரியாது" என்று இனி எந்த ஆபீசரும் சொல்ல முடியாது.

வீட்டுக்குள்ளே ஒரு சங்கேத வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். "மாமரத்துக்குத் தண்ணி ஊத்துனீங்களாப்பா?" என்று அவள் கேட்டால், பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள், வெளிப்படையாகப் பேச முடியவில்லை, நீங்கள் டி.பி.ஏ.வுக்குப் போன் போடுங்கள் என்று அர்த்தம். அப்போது நீங்கள் அவளிடம் "என்னாச்சு, என்னாச்சு" என்று பதறக்கூடாது. "ஊத்திட்டேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கணும். முக்கியமாக ஒன்று, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, இன்னும் நாலு மாசம்தானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த தடவை உங்களிடம் சொல்லாது.

கொண்டல்:
ஒத்துக்கொள்கிறேன்மா. நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

எனக்குத் தெரிந்தது காகித விஷயம், அதைச் சொல்கிறேன். பயிற்சிப் பதிவேடு. கேடட்டுகள் நிறையப் பேர் அதைக் கடைசி மாதத்துக்கு வைப்பார்கள். அதற்குள் வேலை சொல்லிக்கொடுத்த ஆபீசர் சைன் ஆஃப் ஆகியிருப்பார், புதிதாக வந்தவர் "நான் பாக்காததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்பார், அவர் சொல்வதும் நியாயம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வாரம் செய்ததை எழுதி, சொல்லிக்கொடுத்தவரிடமே கையெழுத்து வாங்கணும். ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைக்கணும். நனைந்த பதிவேட்டை யாரும் திரும்ப எழுதித் தரமாட்டார்கள்.

பி.எஸ்சி. முடித்தவருக்கு இரண்டாவது மேட் (டெக் ஆபீசர் ஆவதற்கான முதல்) தேர்வுக்கு 12 மாதக் கடல் சேவை வேண்டும், டி.என்.எஸ். டிப்ளமோ என்றால் 18. அதில் 6 மாதமாவது பிரிட்ஜ் (கப்பலை ஓட்டும் அறை) வாட்ச் சார்ந்த வேலையாக இருக்கணும். கேடட்டை முழுக்கத் துரு சுரண்டவும் பெயின்ட் அடிக்கவும் வைத்துக்கொள்கிற கப்பல் உண்டு. நான்காவது மாதம் தாண்டியும் பிரிட்ஜ் பக்கம் விடவில்லை என்றால் பதிவேட்டைக் காட்டி, "சார், இந்தப் பகுதி காலியா இருக்கு" என்று கேட்கணும். சைன் ஆஃப் அன்றைக்கு சி.டி.சி.யில் (மாலுமியின் கடல் சேவைப் புத்தகம்) முத்திரை, சேர்ந்த தேதி, இறங்கிய தேதி எல்லாம் சரியா என்று கேங்வே இறங்குவதற்கு முன்பே பார்க்கணும். கப்பல் பெயர், ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் சர்வதேச அடையாள எண்) போட்ட கடல் சேவைச் சான்றிதழையும் கையோடு வாங்கணும்.

ஓய்வு நேரம்: 24 மணிக்கு 10 மணி நேரம், 7 நாளுக்கு 77 மணி நேரம். ஒரு நாள் ஓய்வை இரண்டாகப் பிரிக்கலாம், அதில் ஒன்று 6 மணி நேரமாவது தொடர்ந்து இருக்கணும். மாதக் கடைசியில் நிரப்பாத தாளை நீட்டி "கையெழுத்துப் போடு" என்பார்கள். போடக்கூடாது. தன் நோட்டில் தினமும் உண்மை நேரத்தைக் குறித்துவைத்தால் அந்த நாளில் கை நடுங்காது.

வேலைக்குச் சேர யாருக்காவது பணம் கொடுத்தீர்களா என்று நான் கேட்கவில்லை. பாஸ்போர்ட், சி.டி.சி., மருத்துவச் சான்றிதழ் தவிர வேறு எதற்கும் மாலுமியிடம் பணம் வாங்கக்கூடாது. விசாச் செலவுகூடக் கப்பல்காரருடையது.

உப்புக்காத்து:
சிங்கப்பூர்னு பாத்ததும் எழுத வந்தேன். அம்மாக்கள் குருமாப் பொடி, மசாலாப் பொடி அரைச்சுக் கொடுத்து விடுவாங்க. அதுல கசகசா இருக்கா பாருங்க. சிங்கப்பூர்ல கசகசா தடை செஞ்ச பொருள். எமிரேட்ஸ், சவுதி எல்லாம் அப்படித்தான், போதைப் பொருள் கணக்குல வரும். ஒரு ஸ்பூன்கூட வேணாம். பொடியை வீட்ல புதுசா அரைங்க, கசகசா இல்லாம.

இருமல் மருந்து, வலி மாத்திரைல கோடீன், டிராமடால் இருந்தா அதையும் விட்டுடுங்க. தினசரி மாத்திரை ஏதாவது இருந்தா டாக்டர் சீட்டு, மருந்தோட வேதிப் பேரு ஆங்கிலத்துல, மாத்திரை அட்டையைப் பிரிக்காம. கப்பல் ஆஸ்திரேலியா போறதா இருந்தா, ஊறுகாய், வத்தல், கருவாடு, விதை எல்லாத்தையும் படிவத்துல எழுதிக் காட்டணும். எழுதிட்டா மிஞ்சிப் போனா எடுத்துப்பாங்க, மறைச்சாத்தான் வம்பு.

கடல் சீக்குக்குச் சாப்பிடாம இருந்தா சரியாயிடும்னு பிள்ளைங்க நினைக்கும். வெறும் வயித்துல வாந்தி இன்னும் மோசம். காஞ்ச ரொட்டி, பிஸ்கட், இஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி. கப்பலோட நடுப்பகுதியில, முடிஞ்சா வெளிய நின்னு தொடுவானத்தைப் பாக்கணும். ரெண்டு மூணு நாள்ல பெரும்பாலும் உடம்பு பழகிடும்.

சுக்கான்:
மாத்திரையும் போடலாம், ஆனா தூக்கம் வரும். போட்ட அன்னைக்கு உசரத்துல ஏறுற வேலை, வின்ச் பக்கம் எதுவும் வேணாம். போட்டிருக்கேன்னு ஆபீசர்கிட்ட சொல்லணும்.

நாலெட்டு வாட்ச்:
இன்னொன்று விட்டுப்போச்சு. பைலட் ஏணி, துறைமுகத்துக்கு உள்ளே கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் படகிலிருந்து ஏறி வருகிற ஏணி. கேடட் கையில் அடிக்கடி வருகிற வேலை, அதில் இன்னொருவர் உயிர் தொங்கும். ஹூக்ளி ஆற்றில் கப்பல் ஏறி இறங்கும் ரேஷ்மா நிலோஃபர் நாஹா சென்னைப் பெண்தான், இந்தியாவின் முதல் பெண் கப்பல் பைலட். அவரைப் போன்றவர்கள் படகிலிருந்து ஆடிக்கொண்டே பிடிக்கிற ஏணி அது.

படிகளுக்கு இடையே 310 முதல் 350 மி.மீ., எல்லாம் ஒரே இடைவெளி. கீழிருந்து நாலு படி ரப்பர். ஐந்தாவது படி நீளமான குறுக்குப் படி, குறைந்தது 1.8 மீட்டர், ஏணி முறுக்கிக்கொண்டு பைலட்டைக் கப்பல் பக்கவாட்டில் மோதவிடாமல் இருக்கத்தான் அது. இரண்டு குறுக்குப் படிக்கு இடையே 8 படிக்கு மேல் போகக்கூடாது. தண்ணீரிலிருந்து டெக் உயரம் 9 மீட்டரைத் தாண்டினால் இந்த ஏணி மட்டும் போதாது, சாய்வு ஏணியோடு சேர்த்துக் கட்டணும், அதன் சாய்வு 45 டிகிரிக்குள்.

எங்கே தப்பு நடக்கிறது? ஏணியின் முழு நீளமும் தேவைப்படாதபோது நடுவில் எங்கேயோ நிறுத்திக் கட்டணும். சோம்பலில் ஒரு படியையோ குறுக்குப் படியையோ டெக் விளிம்பில் மாட்டித் தொங்கவிடுவார்கள், அல்லது பக்கக் கயிற்றில் ஷாக்கிளை (இரும்புக் கொளுவி) சுருக்குப் போட்டு இறுக்குவார்கள். அப்போது எடை படியைக் கயிற்றோடு கட்டியிருக்கிற மெல்லிய கட்டில் விழும், அது எடை தாங்கக் கட்டினதே இல்லை. சரியான முறை: இரண்டு பக்கக் கயிற்றிலும் தனித்தனியாக உருள் முடிச்சுப் போட்டு, டெக்கில் வலுவான வளையத்தில் கட்டணும். எடை கயிற்றிலிருந்து கயிற்றுக்கு மாறும். மகளுக்கு வீட்டிலேயே ஒரு துணிக்கொடிக் கயிறும் மூங்கிலும் கொடுத்து உருள் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழக்குங்கள் அண்ணாச்சி. கட்டுகிற கயிறு இழுபடுகிற பக்கம் இரண்டு சுற்று, எதிர்ப்பக்கம் ஒரு பாதிச் சுற்று. சுற்று திசை மாறினால் வழுக்கும்.

ஏணியைத் தூக்கும் சிறு கயிற்றை அடிப்படியில் கட்டக்கூடாது, கடைசிக் குறுக்குப் படிக்கு மேலே கட்டி முன்பக்கமாக இழுக்கணும். கீழே வளையமாகத் தொங்கினால் பைலட் படகு அதில் மாட்டி ஏணியையே பிடுங்கும்.

2015 ஜூனில் ஒடிசாக் கடலில் துர்கம்மா படகிலிருந்த 7 மீனவர்களை கேப்டன் ராதிகா மேனனின் சம்பூர்ண சுவராஜ்யா கப்பல் மீட்டதும் பைலட் ஏணியால்தான். மூன்றாவது முயற்சியில் ஏற்றினார்கள். 2016இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வின் வீர விருது பெற்ற முதல் பெண் அவர்தான். ஏணி கட்டும்போது இதையும் அவளிடம் சொல்லுங்கள்.

முத்துநகர் மாலுமி:
இன்றைக்கே மூங்கில் கொண்டுவந்தாச்சு. என் முடிச்சு இரண்டு தடவை வழுக்கியது, அவள் போட்டது நின்றது. கடைசியாக ஒன்று: பை 30 கிலோ தாண்டுகிறது. எதை எடுப்பது, எதை விடுவது?

பச்சைவிளக்கு:
ஜீன்ஸ், கனத்த துண்டு, இரண்டாவது போர்வை எல்லாம் விடுங்கள். கப்பலில் படுக்கை விரிப்பும் துண்டும் உண்டு. பருத்தி உள்ளாடை கூடவே போகட்டும். பாய்லர் சூட்டுக்குள் நைலான் போட்டால் வியர்வையில் புண்ணாகும். நெற்றி டார்ச் ஒன்று, அதில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் நல்லது. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும், பிரிட்ஜில் வெள்ளை டார்ச்சை அடித்தால் வாட்சில் இருக்கும் அத்தனை பேர் பார்வையும் போகும்.

பெரிய பை வழியில் தொலையலாம், கப்பல் அதற்காக நிற்காது. அதனால் கைப்பையில்: பாஸ்போர்ட், சி.டி.சி., இண்டாஸ் எண் (இந்திய மாலுமிப் பதிவு எண்), மருத்துவச் சான்றிதழ், மஞ்சள் காய்ச்சல் அட்டை, அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ்கள், கையெழுத்தான ஒப்பந்தம், ஏஜென்ட் நம்பர், பயிற்சிப் பதிவேடு. கூடவே ஒரு செட் பாய்லர் சூட், இரண்டு நாள் துணி, ஒரு பாக்கெட் பேட். அவள் காலுக்குச் சரியாகப் பொருந்தும் பாதுகாப்பு ஷூவைப் பையில் வைக்காமல் காலில் போட்டுக்கொண்டே விமானம் ஏறச் சொல்லுங்கள். செக்யூரிட்டியில் இரும்பு முனைக்குச் சத்தம் வரும், கழற்றி வைக்க ஐந்து நிமிடம் முன்னதாகப் போனால் போதும்.

முத்துநகர் மாலுமி:
ஷூ 37, கிடைத்துவிட்டது. இரண்டு நாளாக வீட்டுக்குள் போட்டு நடந்துகொண்டிருக்கிறாள்.